கொத்துச் சாவி யாருக்கு?

1932-ஆம் வருஷம் ஜூன் மாதம் 3-ந் தேதி, அமெரிக்காவிலுள்ள பிலடெல்பியா நகரில் ஒரு பேஸ்பால் பந்தயம் நடந்தது. நியூயார்க் யாங்கீஸ் கோஷ்டியைச் சேர்ந்த லூ கெரிக் என்னும் வீரர் அந்த ஒரே பந்தயத்தில் நான்கு 'ஹோம் ரன்'கள் அடித்தார். இருபதாம் நூற்றாண்டில் அதுவரை எவரும் செய்திராத காரியம் அது. மறுநாள் காலையில் நியூயார்க் பத்திரிகைகளெல்லாம் அவருடைய பெயரையே கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டும். ஆனால் கெரிக்கின் பெயர் கீழே தள்ளப்பட்டுவிட்டது. மேலே இடம் பிடித்த செய்தி, அன்று பந்தையே தொடாத ஒரு மனிதரைப் பற்றியது. நியூயார்க் ஜயண்ட்ஸ் கோஷ்டியின் மானேஜராக முப்பது வருஷம் இருந்த ஜான் மக்ரா என்பவர் தம் பதவியை விட்டு விலகிக்கொண்டார் என்பதே அந்தச் செய்தி.

ஒரு மனிதர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுவதில் இவ்வளவு பரபரப்புக்கு என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். பரபரப்பு அவர் போனதைப் பற்றி மட்டுமல்ல. அவருக்குப் பின்னால் யார் என்பதைப் பற்றியுந்தான். ஒரு வீட்டில் மாமியார் தம் இடுப்பிலிருந்த கொத்துச் சாவியை அவிழ்த்து எந்த மருமகளிடம் கொடுக்கிறார் என்பதைத் தெருவே கவனிப்பதில்லையா? அந்தச் சாவி கைமாறும் விதத்தில் குடும்பத்தின் பிற்காலம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பேஸ்பால் கோஷ்டிகளின் விஷயமும் அப்படித்தான். அந்த விளையாட்டின் சரித்திரத்தில் மூன்று பெரியவர்கள் தங்கள் சாவியை எப்படிக் கொடுத்தார்கள் என்பதை இங்கே பார்க்கலாம். ஒருவர் தம்முடன் பேசாதவரை அழைத்துக் கொடுத்தார். மற்றொருவர் கடைசி வரையில் கொடுக்கவேயில்லை. மூன்றாமவரிடமிருந்து வாங்குவதற்கு ஒருவர் பல வருஷம் வாசலிலே காத்திருந்தார்.

மானேஜர் என்பவர் யார்?

மானேஜர் என்றதும் நமக்குக் கணக்குப் புத்தகமும் மூக்குக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருக்கும் ஒரு காரியாலய உத்தியோகஸ்தர் ஞாபகத்துக்கு வருவார். பேஸ்பால் மானேஜர் அப்படிப்பட்டவரல்ல. கிரிக்கெட்டில் மைதானத்துக்குள் நிற்கும் காப்டன் செய்கிற வேலைகளில் பெரும் பகுதியை இதில் மைதானத்தின் ஓரத்திலிருந்து மானேஜர் செய்கிறார். இன்று பந்து எறிபவர் யார், அவர் களைத்துவிட்டால் எந்த நிமிஷத்தில் அவரை அழைத்துக்கொண்டு வேறொருவரை அனுப்புவது, முதலில் மட்டை பிடிப்பவர் யார், எந்தச் சமயத்தில் துணிந்து ஓடச் சொல்வது என்பவை எல்லாம் அவருடைய தீர்மானம். ஆட்டக்காரர்கள் அணியும் அதே உடையைத் தாமும் அணிந்துகொண்டு அவர்களுடனேயே உட்கார்ந்திருப்பது மானேஜர்களின் வழக்கம்.

அந்தக் காலத்தில் ஒரு பருவத்துக்கு 154 பந்தயங்கள், இப்போது 162. வசந்த காலத்தில் தொடங்கினால் இலையுதிர் காலம் வரையில் அநேகமாகத் தினந்தோறும் ஆட்டம் உண்டு. ஊர் ஊராகப் பிரயாணம், ஒரே ஹோட்டலில் வாசம், ஒரே இடத்தில் சாப்பாடு. சம்பளத்தில் குறை, மனைவிக்கு உடம்பு சரியில்லை, ஒருவருக்கொருவர் மனஸ்தாபம் என்று ஒவ்வொரு வாலிபருக்கும் ஒவ்வொரு வகைக் கவலை. எல்லாம் கடைசியில் மானேஜரின் தலையில்தான் வந்து விடியும். ஆகவே அவர் யுத்த களத்தில் சேனாதிபதி. ராத்திரியில் குடும்பத் தலைவர். இரண்டு வேலைக்கும் பொருத்தமான ஒருவரைத் தேடுவது லேசான காரியமா?

பேசாதவரை அழைத்த பெரியவர்

ஜான் மக்ரா குள்ளமான உருவமுடையவர். கோபமோ ஆளைக் காட்டிலும் உயரம். பத்திரிகைக்காரர்கள் அவருக்குக் 'குட்டி நெப்போலியன்' என்று பட்டம் சூட்டியிருந்தார்கள். 1902-ஆம் வருஷம் ஜயண்ட்ஸ் கோஷ்டியின் பொறுப்பை ஏற்றுக்கொண்ட அவர், பத்து முறை நேஷனல் லீக் வெற்றிக் கொடியை அதற்குச் சம்பாதித்துக் கொடுத்தார். இரண்டு லீகுகளின் வெற்றியாளர்களும் மோதும் உலகப் பந்தயத் தொடரில் 1905, 1921, 1922 ஆகிய மூன்று வருஷங்களில் ஜயம் பெற்றார். அவருடைய ராஜ்யத்தில் அவர் வைத்ததே சட்டம். அவர் சொல்லாமல் ஒரு பந்தை அடிக்கவும் கூடாது. அடிக்காமல் விடவும் கூடாது.

இத்தகையவரிடம் வேலை பார்த்த பில் டெர்ரி என்பவரும் சாமானியர் அல்ல. 1930-ஆம் வருஷத்தில் ஆயிரத்துக்கு 401 என்ற விகிதத்தில் பந்தை அடித்துப் பெயர் பெற்றவர். அதற்குப் பிறகு இன்று வரையில் நேஷனல் லீகில் ஒருவராவது ஒரு பருவம் முழுவதும் ஆடி நானூறைத் தொட்டதில்லை. தம் மதிப்பு இன்னதென்று டெர்ரிக்குத் தெரியும். வருஷா வருஷம் சம்பளப் பேச்சு வரும்போது அதைச் சொல்லவும் அவர் கூச்சப்பட்டதில்லை. மக்ராவுக்கு இது பிடிக்கவில்லை. வாக்குவாதம் முற்றி, இருவருக்குமிடையே பேச்சு வார்த்தையே நின்றுபோயிற்று. ஒரே கோஷ்டி, ஒரே மைதானம். முகம் கொடுத்துப் பேசுவது மட்டும் கிடையாது.

1932-ஆம் வருஷம் கோடையில் ஜயண்ட்ஸ் கோஷ்டி எட்டுக் கோஷ்டிகளில் எட்டாவதாகக் கிடந்தது. ஐம்பத்தொன்பது வயது மக்ராவின் தேக நிலையும் சீர்கெட்டிருந்தது. இந்த நிலைமையில் அவர் டெர்ரிக்கு ஆள் அனுப்பினார். தம்மை வேறு கோஷ்டிக்கு மாற்றிவிட்டதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று டெர்ரி எண்ணிக்கொண்டு போனாராம். ஆனால் அங்கே அவர் கேட்ட வார்த்தை வேறு. "நான் விலகப் போகிறேன். என் இடத்துக்கு நீ வருகிறாயா?" என்பதே மக்ரா கேட்டதன் சாரம். யோசித்துச் சொல்லும்படி அவகாசமும் கொடுத்தார். யோசிக்க ஒன்றுமில்லை என்று டெர்ரி அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டார்.

இதில் கவனிக்கத் தக்க விஷயம் என்ன? மக்ராவைச் சுற்றி அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவர்கள் இல்லாமலில்லை. பிரெடி லிண்ட்ஸ்ட்ரம் என்ற சிறந்த ஆட்டக்காரர் அந்தப் பதவி தமக்குத்தான் என்று நம்பிக்கொண்டும் இருந்தார். அவர்களையெல்லாம் விட்டு, தம்மை எதிர்த்து நின்றவரையே மக்ரா தேர்ந்தெடுத்தார். 'என்னிடம் பயப்படாதவன் எவனிடமும் பயப்படமாட்டான்' என்று அவர் கணக்குப் போட்டாரோ என்னவோ! கோபத்தில் மனிதர்கள் எத்தனையோ தப்புச் செய்வதுண்டு. கோபத்தை ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு எதிராளியின் தகுதியை எடை போடுகிறவர்கள் மிகச் சிலரே.

டெர்ரி பதவிக்கு வந்ததும், பொறுப்பு தம்முடையதானால் அதிகாரமும் தம்முடையதாகவே இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். மக்ராவின் கடுமையான கட்டுப்பாடுகள் பலவற்றைத் தளர்த்தினார். முதல் வருஷத்தில் பிரமாதமாக ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆனால் அடுத்த வருஷம், அதாவது 1933-இல், ஒருவரும் எதிர்பாராத வண்ணம் ஜயண்ட்ஸ் கோஷ்டி லீக் கொடியைப் பறித்தது. வாஷிங்டன் கோஷ்டியை நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்து உலகப் பந்தயத் தொடரையும் வென்றது. அதற்கு மறு வருஷம் பிப்ரவரி மாதத்தில் மக்ரா காலமானார். தாம் நட்ட மரம் காய்த்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகும் பாக்கியம் அவருக்குக் கிடைத்தது. 1936, 1937 ஆகிய வருஷங்களிலும் டெர்ரி லீக் கொடியை வென்று, 1941 வரையில் அந்தப் பதவியில் இருந்தார்.

லிண்ட்ஸ்ட்ரம் என்ன ஆனார் என்று கேட்கக்கூடும். அவருடைய மனம் முறிந்துபோயிற்று. அந்த வருஷக் கடைசியிலேயே வேறு கோஷ்டிக்குப் போய்விட்டார். ஒருவர் தேர்ந்தெடுக்கப்படும்போது மற்றொருவர் விடப்படுகிறார். மாலை விழுந்த கழுத்தையே எல்லோரும் பார்க்கிறார்கள். குனிந்த தலையைப் பார்ப்பவர் இல்லை. நம்பிக்கை ஊட்டப்பட்டவருக்கு முன்னதாகவே உண்மையைச் சொல்லிவிடுவதுங்கூட வாரிசைத் தேடுபவர்களின் கடமையே ஆகும்.

இறங்காத பெரியவர்

மக்ரா விலகிய அன்று பிலடெல்பியாவில் கெரிக்கிடம் அடிபட்டதே, அந்தக் கோஷ்டியின் பெயர் அத்லெடிக்ஸ். அதன் மானேஜர் கானி மாக். மக்ராவைவிடப் பத்து வயது மூத்தவர். 1933-ஆம் வருஷம் சிகாகோவில் இரண்டு லீகுகளின் பொறுக்கி எடுத்த வீரர்களும் மோதிய முதல் நட்சத்திரப் பந்தயம் நடந்தபோது, ஒரு பக்கத்துக்கு மாக்கும் மறு பக்கத்துக்கு ஓய்விலிருந்து வந்த மக்ராவும் மானேஜர்களாக எதிரெதிரே நின்றார்கள். மாக்கின் பக்கமே வென்றது. ஆனால் விலகுவது என்னும் கலையில் மக்ராவுக்குத்தான் வெற்றி என்று சரித்திரம் தீர்ப்புக் கூறிவிட்டது.

மாக் மகா கௌரவமான மனிதர். மற்ற மானேஜர்களைப் போல ஆட்டக்காரர் உடையை அணியமாட்டார். விறைப்பான காலரும் கழுத்துச் சுருக்கும் கோட்டும் தொப்பியுமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கையிலுள்ள கணக்குச் சீட்டை இப்படியும் அப்படியும் அசைத்தே ஆட்டக்காரர்களை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவார். உரத்த குரலில் ஒரு வார்த்தை பேசமாட்டார். 1901-இல் அத்லெடிக்ஸ் பிறந்தபோது அதன் மானேஜரானவர், ஐந்து முறை உலகப் பந்தயத் தொடரை வென்றார். அவர் மானேஜராக இருந்து பெற்ற மொத்த வெற்றிகள் 3731. இந்த எண்ணை இன்னும் ஒருவரும் எட்டவில்லை. இனி எட்டப் போவதாகவும் தோன்றவில்லை.

கடைசி உலகப் பந்தய வெற்றி 1930-இல் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு. அன்றே அவர் எழுந்து, "குழந்தைகளே, போய் வருகிறேன்" என்று சொல்லியிருந்தால் அவரைப் போன்ற பாக்கியசாலி வேறு யார்? அவர் எழுந்திருக்கவில்லை. பணமுடையினால் நல்ல ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக விற்க வேண்டி வந்தது. கோஷ்டி கீழே இறங்கிற்று. கடைசி ஸ்தானம், மறுபடியும் கடைசி ஸ்தானம் என்று வருஷங்கள் போயின. மற்ற ஊர்களில் இப்படி நேர்ந்தால் கோஷ்டியின் உடைமையாளர் மானேஜரை மாற்றிவிடுவார். இங்கே உடைமையாளரும் மாக்தான். தம்மைத் தாமே விலக்கிக்கொள்ளும் சக்தி எத்தனை பேருக்கு உண்டு?

மாக்கின் மகன் எர்ல் என்பவர் 1924 முதல் தகப்பனாருக்கு உதவியாக அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பட்டத்துக்கு வரப்போகிறவர் அவரே என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தகப்பனார் நோயாகப் படுத்திருந்த காலங்களில் இரண்டு முறை அவரே கோஷ்டியை நடத்தியும் இருக்கிறார். ஆனால் பட்டாபிஷேக நாள் மட்டும் வரவில்லை. இருபத்தாறு வருஷம் இளவரசராகவே இருந்து அவருக்கும் தலை நரைத்தது. கடைசிக் காலத்தில் கிழவர் எப்போதோ கோஷ்டியை விட்டுப் போய்விட்ட வீரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆட அனுப்பச் சொல்வார் என்றும், உதவியாளர்கள் காதில் விழாதது போல் தாங்களே ஏற்பாடு செய்துகொள்வார்கள் என்றும் சொல்வதுண்டு. கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கிறது. நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை.

இதற்குள் வீட்டுக்குள் வேறொரு சண்டை மூண்டது. மூத்த மனைவியின் பிள்ளைகளான ராய், எர்ல் இருவரும் ஒரு பக்கம். இளைய மனைவியின் பிள்ளையான சின்ன கானி மறு பக்கம். நம்முடைய கிராமங்களில் பாகப் பிரிவினை வழக்குகளைப் பார்த்திருப்பவர்களுக்கு இதை விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1950-ஆம் வருஷம் மூத்தவர்கள் இருவரும் மைதானத்தின் பேரிலும் கோஷ்டியின் பேரிலும் பெருந்தொகை கடன் வாங்கி மற்றவர்களின் பங்குகளை விலைக்கு வாங்கினார்கள். அந்தப் பருவத்தின் முடிவில், எண்பத்தேழாவது வயதில், மாக் ஒருவாறு பெஞ்சை விட்டு எழுந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர் எர்ல் அல்ல. பழைய ஆட்டக்காரரான ஜிம்மி டைக்ஸ்.

டைக்ஸ் கெட்டிக்காரர். மாக்கின் மேன்மைக் காலத்தில் அவரிடம் ஆடியவர். சிகாகோவில் பல வருஷம் மானேஜராக இருந்து அனுபவம் பெற்றவர். 1952-இல் கோஷ்டியை நாலாவது ஸ்தானத்துக்குக்கூட உயர்த்திக் காட்டினார். ஆனால் அவர் கைக்கு வந்தது கொத்துச் சாவி மட்டுமே, பெட்டகம் காலியாகிவிட்டது. கடன் வட்டி கழுத்தை நெரிக்க, 1954-இல் கோஷ்டி விலை போயிற்று. மறு வருஷம் கான்ஸாஸ் சிட்டி நகரத்துக்கும், 1968-இல் மேற்குக் கரையிலுள்ள ஓக்லண்டுக்கும் குடி பெயர்ந்தது. ஐம்பது வருஷம் ஒரே மனிதர் காத்த கோஷ்டி, அவர் இறங்கி நாலே வருஷத்தில் பிலடெல்பியாவை விட்டுப் போய்விட்டது. 1956 பிப்ரவரியில், தொண்ணூற்று மூன்றாவது வயதில் கண்ணை மூடுவதற்கு முன் மாக் இதையும் பார்க்க நேர்ந்தது.

வாசலில் காத்திருந்தவர்

மூன்றாவது கதை டாட்ஜர்ஸ் கோஷ்டியைப் பற்றியது. 1953-ஆம் வருஷம் வரையில் அதன் மானேஜராக இருந்தவர், தமக்கு ஒரே வருஷ ஒப்பந்தம் போதாது, பல வருஷத்துக்கு எழுதித் தர வேண்டும் என்று கேட்டார். உடைமையாளர் ஓமாலி மறுத்துவிட்டார். அந்த இடத்துக்கு வந்தவர் வால்டர் ஆல்ஸ்டன். பெரிய லீகில் அவர் மட்டை பிடித்து நின்றது ஒரே ஒரு முறை; அதிலும் பந்தை அடிக்க முடியாமலே ஆட்டமிழந்தவர். "யார் இந்த ஆல்ஸ்டன்?" என்று பத்திரிகைகள் கேலி செய்தன. அவர் பதில் ஒன்றும் சொல்லாமல் ஒரு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மறு வருஷம் மற்றொன்று. அதற்கு மறு வருஷம் இன்னொன்று. இப்படி இருபத்துமூன்று ஒப்பந்தங்கள்! நாலு முறை உலகப் பந்தயத் தொடரை வென்று, 1976 செப்டம்பரில் பருவம் முடியச் சில நாட்கள் இருக்கும்போது விலகுவதாக அறிவித்தார்.

அவருக்குப் பின் வந்த டாமி லசோர்டா ஒரு காலத்தில் அதே கோஷ்டியில் பந்து எறிந்தவர். அதில் அவர் பிரகாசிக்கவில்லை. ஆனால் ஆடுவதை விட்ட பிறகு கோஷ்டியை விட்டு அகலவுமில்லை. கிராமம் கிராமமாகச் சென்று இளம் ஆட்டக்காரர்களைக் கண்டுபிடிக்கும் வேலை பார்த்தார். பிறகு ஆக்டன், ஸ்போகேன், அல்புகெர்க்கி முதலிய சிறு நகரங்களில் டாட்ஜர்ஸின் பயிற்சிக் கோஷ்டிகளை நடத்தினார். பிறகு நாலு வருஷம் ஆல்ஸ்டனுக்கு உதவியாளராக மைதானத்தில் நின்றார். நடுவில் மாண்ட்ரியல் கோஷ்டி மானேஜர் பதவியே கொடுப்பதாக அழைத்தது, அவர் போகவில்லை. இந்த வாசலிலேயே காத்திருந்தார்.

இதில் விசித்திரம் என்னவென்றால், ஆல்ஸ்டனுக்கும் லசோர்டாவுக்கும் எந்தப் பொருத்தமும் கிடையாது. முன்னவர் ஓஹையோ மாகாணத்துப் பள்ளி ஆசிரியர். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டோடு நிறுத்திக்கொள்பவர். பின்னவர் இத்தாலியக் குடும்பத்தில் பிறந்தவர். நாலு வார்த்தை போதுமான இடத்தில் நானூறு பேசுவார். வெற்றி பெற்ற வீரனைக் கட்டிக்கொள்வார். தம் உடம்பில் ஓடுவது டாட்ஜர்ஸ் கோஷ்டியின் நீல நிற ரத்தம் என்பார். ஓமாலி குடும்பத்தார் மற்றோர் ஆல்ஸ்டனைத் தேடியிருந்தால் லசோர்டா அகப்பட்டிருக்கமாட்டார். அவர்கள் சாயலைத் தேடவில்லை. இந்த வீரர்களை வளர்த்தவர் யார், இவர்கள் யாருடைய வார்த்தையை நம்புவார்கள் என்று பார்த்தார்கள். கோஷ்டியின் முன்னணி வீரர்களில் பலர் சிறு நகரங்களில் லசோர்டாவின் கையில் வளர்ந்த பிள்ளைகளே.

பலன் உடனே தெரிந்தது. 1977, 1978 இரண்டு வருஷங்களிலும் லீக் கொடி கிடைத்தது. 1981-இல் உலகப் பந்தயத் தொடரில் வெற்றி. 1988-இல் மறுபடியும் வெற்றி. இந்த இரண்டாம் முறை தோற்றது யார் தெரியுமா? ஊர் ஊராக அலைந்து ஓக்லண்டில் தங்கியிருந்த அந்தப் பழைய அத்லெடிக்ஸ் கோஷ்டிதான்.

ஆனால் நல்ல வாரிசாக வந்தவர் நல்ல வாரிசை விட்டுச் செல்வார் என்பது நிச்சயமல்ல. 1996-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் லசோர்டாவுக்கு மாரடைப்பு நேர்ந்தது. அடுத்த மாதம் விலகினார். அவரிடம் வளர்ந்த பில் ரஸ்ஸல் அந்த இடத்துக்கு வந்தார். பதினெட்டுப் பருவம் அதே கோஷ்டியில் ஆடியவர். அவர் நடத்திய பந்தயங்களில் தோல்வியைவிட வெற்றியே அதிகம். ஆயினும் லசோர்டா தூரப் போய்விடவில்லை. ஸ்தாபனத்தின் உப தலைவராக மேலேயே இருந்தார். இதற்குள் ஓமாலி குடும்பத்தாரும் கோஷ்டியை விற்றுவிட்டார்கள். 1998 ஜூன் மாதத்தில் ஒரே நாளில் ரஸ்ஸலும் ஜெனரல் மானேஜரும் நீக்கப்பட்டார்கள். ஜெனரல் மானேஜரின் இடத்தில் தாற்காலிகமாக அமர்ந்தவர் லசோர்டாவே! யாருடைய குற்றம் எவ்வளவு என்று நாம் தீர்ப்புக் கூற வரவில்லை. ஆனால் புது மருமகள் சமையலறையில் நிற்கும்போது மாமியார் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தால், சோறு வெந்தாலும் குழைந்தாலும் பேச்சு ஒன்றுதான்.

பட்டியலில் இல்லாதவர்கள்

வாரிசைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றிப் பேசும்போது, தேர்ந்தெடுக்கப்பட்டவரையும் விடப்பட்டவரையும் தவிர இன்னொரு கூட்டத்தையும் நினைக்க வேண்டும். பட்டியலிலேயே பெயர் எழுதப்படாதவர்கள் அவர்கள். பெரிய லீகுகளில் கறுப்பு மனிதர்கள் ஆடக்கூடாது என்ற எழுதாத சட்டம் வெகு காலம் இருந்தது. அதை 1947-இல் டாட்ஜர்ஸ் கோஷ்டியில் ஆட வந்த ஜாக்கி ராபின்ஸன் உடைத்தார். அதற்குப் பிறகு கறுப்பு வீரர்கள் எத்தனையோ பேர் புகழ் பெற்றார்கள். பந்தை அடிக்கலாம், ஓடலாம், எறியலாம். ஆனால் 'உத்தரவு போடுகிற இடம்' மட்டும் அவர்களுக்கில்லை என்ற நிலை இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் நீடித்தது.

1972 அக்டோபரில் உலகப் பந்தய மைதானத்தில் ராபின்ஸனைக் கௌரவித்தார்கள். கண் பார்வை மங்கி, தேகம் தளர்ந்திருந்த அவர் தமக்குச் செய்த மரியாதைக்கு நன்றி கூறினார். கூறிவிட்டு, கறுப்பு மனிதர் ஒருவர் மானேஜராக இருந்து கோஷ்டியை நடத்தும் காட்சியைக் கண்டால் தமக்கு இன்னும் அதிக சந்தோஷமும் பெருமையும் உண்டாகும் என்ற கருத்தைத் தெரிவித்தார். ஒன்பது நாள் கழித்து அவர் இறந்துபோனார். அவர் காண விரும்பிய காட்சி 1975 ஏப்ரலில் கிளீவ்லண்டு நகரில் அரங்கேறியது. பிராங்க் ராபின்ஸன் என்ற மற்றொருவர் மானேஜராகவும் ஆட்டக்காரராகவும் இறங்கினார். அன்று முதல் முறையாக மட்டையைப் பிடித்தபோதே ஹோம் ரன் அடித்தார்.

ஜாக்கி ராபின்ஸனின் சொந்தக் கோஷ்டியான டாட்ஜர்ஸில் கதவு திறக்க இன்னும் அதிக காலம் ஆயிற்று. ஆல்ஸ்டனுக்கும் பிறகு லசோர்டாவுக்கும் உதவியாளராக வருஷக் கணக்கில் நின்ற ஜிம் கில்லியம் என்ற கறுப்பு வீரர் மானேஜராகாமலே 1978-இல் காலமானார். 1999-இல், முக்கியப் பதவிகளுக்கு ஆள் தேடும்போது சிறுபான்மையினரையும் அவசியம் பரிசீலிக்க வேண்டும் என்று பேஸ்பாலின் தலைமை அதிகாரி எல்லாக் கோஷ்டிகளுக்கும் உத்தரவிட்டார். கறுப்புத் தகப்பனாருக்கும் ஜப்பானியத் தாயாருக்கும் பிறந்த டேவ் ராபர்ட்ஸ் டாட்ஜர்ஸ் கோஷ்டியின் மானேஜராக நியமிக்கப்பட்டது 2015-ஆம் வருஷக் கடைசியில். அவர் நடத்திய கோஷ்டி 2020, 2024 ஆகிய வருஷங்களில் உலகப் பந்தயத் தொடரை வென்றது. இத்தனை வருஷம் பூட்டி வைத்த கதவுக்குப் பின்னால் இன்னும் எத்தனை வெற்றிகள் வீணாய்ப் போயினவோ, கணக்கிட்டவர் யார்?

சாவியைக் கொடுக்கும் விதம்

இக்காலத்தில் போகிறவரே வருகிறவரைப் பெயர் சொல்லி நியமிக்கும் வழக்கம் அநேகமாக மறைந்துவிட்டது. கோஷ்டியின் ஜெனரல் மானேஜரும் அவருடைய சகாக்களும் பலரை வரவழைத்து மணிக்கணக்காகக் கேள்வி கேட்கிறார்கள். ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி விவரம் வைத்திருக்கும் யந்திரங்கள் அவர்களுக்குத் துணை. முறைகள் மாறினாலும் கேள்வி ஒன்றுதான்: நம்முடைய இந்தப் பிள்ளைகள் யாரை நம்பி மைதானத்தில் இறங்குவார்கள்? இதற்கு யந்திரம் பதில் சொல்லாது.

மேலே கூறிய சரித்திரங்களை வைத்துப் பார்த்தால், பதவியை விட்டுப் போகிறவருக்கு மூன்று சோதனைகள் ஏற்படுகின்றன என்று சொல்லலாம். தம்மைப் போலவே ஒருவரைத் தேடாமல், வேலைக்கு ஏற்றவரைத் தேட முடிகிறதா என்பது முதலாவது. இதில் மக்ரா தேறினார். இன்னும் பெட்டகத்தில் ஏதாவது இருக்கும்போதே சாவியைக் கொடுக்க முடிகிறதா என்பது இரண்டாவது. இதில் மாக் தவறினார். கொடுத்த பிறகு வாசற்படியை விட்டு எழுந்திருக்க முடிகிறதா என்பது மூன்றாவது. இதுவே எல்லாவற்றிலும் கடினமானது. ஆல்ஸ்டன் தம் ஊருக்குப் போய் அமைதியாக இருந்துவிட்டார். அவர் வென்ற கோப்பைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரி ஒரு கோப்பைக்குச் சமானம் என்பது நமது அபிப்பிராயம்.

தேர்ந்தெடுக்கிறவர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. பட்டியலை எழுதி முடித்ததும், யாருடைய பெயரை எழுதாமல் விட்டோம், ஏன் விட்டோம் என்று ஒரு முறை தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். பேஸ்பால் கோஷ்டிகள் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ள வெகு காலம் எடுத்துக்கொண்டன. கோஷ்டிக்கு மானேஜரைத் தேடும் போதும், சங்கத்துக்குத் தலைவரைத் தேடும் போதும், கடைக்கு முதலாளியைத் தேடும் போதும் அந்தக் கேள்வி ஒன்றே.